இடிந்த கோபுரமும் ஒரு மகனும்

வான்கோ என்றதும் சூரியகாந்திப் பூக்களும் அறுந்த காதுமே நம் நினைவுக்கு வருகின்றன. எனக்கும் அப்படித்தான் இருந்தது, நம் நூலகத்தில் அவருடைய பேனாச் சித்திரங்களின் தொகுதி ஒன்றைப் புரட்டும் வரையில். குளிர்காலத் தோட்டம், இலையுதிர்ந்த மரங்கள், அவற்றுக்கு அப்பால், தொலைவில், கரிய கோபுரம் ஒன்று. அது எந்தக் கோபுரம் என்று தேடப்போய், அவர் வாழ்க்கை முழுவதையும் படித்து முடித்தேன்.

வின்சென்ட் வான்கோ 1853 மார்ச் 30-இல் ஹாலந்தின் தென்பகுதியில் சுண்டெர்ட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை புராட்டஸ்டண்ட் போதகர். மகனும் அவ்வழியே செல்ல விரும்பினார். ஆனால் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய படிப்பு பாதியில் நின்றது. பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே ஊழியம் செய்தபோது உள்ளதையெல்லாம் கொடுத்துவிட்டுக் குடிசையில் படுத்தார். மேலிடத்தார் அதை விரும்பவில்லை, வேலை போயிற்று. 1880-இல் ஓவியராவது என்று முடிவு செய்தார். 1881 கிறிஸ்துமஸ் அன்று கோயிலுக்கு வர மறுத்துத் தந்தையோடு சண்டையிட்டு வீட்டை விட்டு வெளியேறினார்.

இரண்டாண்டு கழித்து, கையில் காசில்லாமல் அதே பெற்றோரிடம் திரும்பினார். அப்போது தந்தை நியூனென் என்னும் ஊரில் இருந்தார். வீட்டுத் தோட்டத்துக்கு அப்பால் வயல்வெளியில் பழைய கோபுரம் ஒன்று தனித்து நின்றது. கோயில் முன்பே இடிந்துபோயிற்று. சுற்றிலும் உழவர்களின் கல்லறைகள். நான் கண்ட சித்திரம் அங்கே 1884 மார்ச்சில் வரைந்தது.

டச்சு நிலக்காட்சிகளில் கோபுரம் புதிதன்று. 17-ஆம் நூற்றாண்டில் வான் கோயனும் ரயிஸ்டாலும் அடிவானத்தில் அதை எத்தனையோ முறை வரைந்திருக்கிறார்கள். விண்ணைச் சுட்டும் விரல் என்று அதற்குப் பொருள் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கையில்லை. குன்றே இல்லாத நாட்டில் உயர்ந்து நிற்பது வேறென்ன? ஆனால் வான்கோவின் கோபுரத்துக்கு அவரே பொருள் எழுதி வைத்திருக்கிறார்.

1885 மார்ச் 26-இல் தந்தை வீட்டு வாசலிலேயே விழுந்து இறந்தார். அந்தக் கோபுரத்தடியில்தான் புதைத்தார்கள். சில வாரங்களில் கோபுரத்தையும் இடிக்கத் தொடங்கினார்கள். மரம், ஓடு, இரும்பு, உச்சியிலிருந்த சிலுவை எல்லாம் ஏலம் போயின. அந்த ஏலத்தை வான்கோ நீர்வண்ணத்தில் தீட்டினார். பிறகு முடியிழந்த கோபுரத்தை, சுற்றிப் பறக்கும் பறவைகளோடும் மரச்சிலுவைகளோடும் எண்ணெய் வண்ணத்தில் எழுதினார். உழவர் தாம் உழுத நிலத்திலேயே புதைகின்றனர். அது புல் முளைத்து வாடுவதுபோல எளிய செய்தி. உறுதியாக அடித்தளமிட்ட சமயம் இற்றுப்போகிறது, உழவர் வாழ்வும் சாவும் மாறாமல் தொடர்கின்றன — தம்பி தியோவுக்கு அவர் எழுதிய விளக்கத்தின் சாரம் இதுதான். தந்தையைப் பற்றி அதில் பேச்சில்லை. அந்தப் புல்லின்கீழ் புதிதாகக் கிடந்தவரோ அவர். சண்டையைப் பேசித் தீர்க்க இனி ஆளில்லை.

தந்தை போதித்த சிறு கோயிலையும் அவர் முன்பே தாய்க்காகத் தீட்டியிருந்தார். 1885-இல் அதை மீண்டும் எடுத்து, துக்க உடையணிந்த பெண்களை வாசலில் சேர்த்தார்.

1890 ஜூனில் பிரான்சில் ஓவேர் என்னும் ஊரில் மறுபடியும் ஒரு கோயிலைத் தீட்டினார். நியூனென் கோபுரத்தைப் போன்றதே இது, வண்ணந்தான் இப்போது செழிப்பு என்று தங்கைக்கு எழுதினார். கோயிலின் இருபுறமும் பாதை பிரிந்து செல்கிறது. உள்ளே நுழைய வாசல் மட்டும் படத்தில் இல்லை. ஜூலை 29-இல் இறந்தார். தற்கொலை என்பதால் பங்குக் குருவானவர் சவவண்டி தர மறுத்துவிட்டார். பக்கத்து ஊரிலிருந்து ஒன்றை இரவல் வாங்கி வந்து, கோதுமை வயல்களுக்கு நடுவே கல்லறைத் தோட்டத்தில் புதைத்தார்கள்.