வில்லில் எழுந்த குரல்

இசை வரலாற்றில் திருத்தணிகை மலைக்குத் தனியிடம் உண்டு. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதற் கீர்த்தனையை இம்மலையில் முருகன் திருமுன் இயற்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. அவர்தம் இளவல் பாலுசுவாமி தீட்சிதரே, சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த நாளில் ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் பயின்று, அந்த மேலைக் கருவியைக் கருநாடக இசைக்கு உரியதாக்கினார். எனினும் நூறாண்டுக்கு மேலாக அக்கருவி பெரும்பாலும் பாடகரின் பக்கத்தில் அமர்ந்து, அவர் பாடியதைப் பின்தொடர்ந்தே வந்தது. அதனை மேடையின் நடுவிடத்தில் அமர்த்திய பெருமக்களுள் முன்வரிசையில் நிற்பவர் துவாரம் வேங்கடசாமி நாயுடு.

1893ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் பெங்களூரில் பிறந்து விசாகப்பட்டினத்தில் வளர்ந்தார் துவாரம். இளமையிலேயே பார்வை மங்கியிருந்தது. பள்ளிப் படிப்பில் முன்னேற இயலவில்லை. ஏடு மறுத்த கல்வியைச் செவி தந்தது. தமையனார் வேங்கடகிருஷ்ணய்யா பிடிலைக் கையில் கொடுத்துப் பயிற்றுவித்தார். பிறகு அவர் வாழ்வில் அந்தக் கருவியைத் தவிர வேறொன்றும் பெரிதாக இடம்பெறவில்லை.

1919இல் விசயநகர அரசர் விசயராம கசபதி இசைக் கல்லூரி ஒன்றை நிறுவினார். பார்வையற்ற சிறுவன் ஒருவனின் இசைக் கல்வியை எண்ணியே அக்கல்லூரி தோன்றியது என்பர். அரிகதையில் ஒப்பாரும் மிக்காரும் இல்லாத ஆதிபட்ல நாராயணதாசர் அதன் முதல் தலைவர். மாணவராகச் சேரும் எண்ணத்துடன் அங்கே சென்ற துவாரத்தை, அவரது வாசிப்பைக் கேட்டபின் ஆசிரியராகவே அமர்த்திக்கொண்டனர். அப்போது அவருக்கு அகவை இருபத்தாறு. 1936இல் அக்கல்லூரியின் தலைமைப் பொறுப்பும் அவரை வந்தடைந்தது.

குருவின் இல்லத்தில் பல்லாண்டு தங்கிப் பணிவிடை செய்து கற்பதே மரபாக இருந்த காலம் அது. கல்லூரியிலோ மணிக்கணக்கும் பாடத்திட்டமும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே கலை தேய்ந்துவிடக் கூடாது என்பதே ஆசிரியர் துவாரத்தின் முன் நின்ற கேள்வி. அவர் கண்ட விடை எளியது, ஆனால் கடினமானது. உருப்படிகளின் எண்ணிக்கையைவிட நாதத்தின் தூய்மையே முதன்மை. வில்லை முழு நீளத்துக்கும் சீராக இழுத்து, ஒரு சுரத்தை அதன் நிறைவு குன்றாமல் நிறுத்தத் தெரிந்தபின்னரே விரைவுக்கு வேலை. மேலைநாட்டார் வில்லை ஆளும் முறையை அவர் கூர்ந்து கற்றார். ஆயினும் கமகம் நம் மண்ணின் கமகமாகவே இருந்தது. சாகித்தியத்தின் சொல் பிரியும் இடத்தை வில்லும் அறிந்திருக்க வேண்டும் என்பதில் அவருக்கு விட்டுக்கொடுத்தல் இல்லை. பிடில் வித்துவான் தலைமை ஏற்ற அக்கல்லூரியிலிருந்து கண்டசாலா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி போன்ற பாடகர்கள் புறப்பட்டது வியப்பன்று. அவர் கற்பித்த கருவி பாடும் கருவி.

1938இல் வேலூரில் அவர் நிகழ்த்திய தனிக் கச்சேரி இசையுலகில் நினைவுகூரப்படும் நிகழ்ச்சி. சென்னையிலிருந்து மணவூரைத் தொட்டு அரக்கோணம் வழியே மேற்கே செல்லும் இருப்புப் பாதை எட்டும் ஊர்தான் வேலூர். அங்கே அன்று பாடகர் இல்லை, பாட்டு இருந்தது. சொல்லின் துணையின்றி ஒரு மாலை முழுதும் அவையைக் கட்டி நிறுத்தக் கருவியால் இயலும் என்று தெரிந்தது. சொல்லையே நம்பி வாழும் கவிஞர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. சொல்லுக்கு முன்னே ஓசை உண்டு. அந்த ஓசை தூயதாக இல்லாவிடில் சொல்லும் நில்லாது.

1941இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் அவரை அணிசெய்தது. 1953இல் சங்கீத நாடக அகாடமியின் விருதும், 1957இல் பத்மஸ்ரீயும் தொடர்ந்தன. 1952இல் இந்தியா வந்த யெகுதி மெனுகின் அவர் வாசிப்பைக் கேட்டு நெகிழ்ந்தார். மேலைக் கருவி கீழைநாட்டில் அடைந்த நிலையை அக்கருவியின் பெருங்கலைஞர் ஒருவரே நேரில் அறிந்த நாள் அது. இத்தனைக்குப் பிறகும், பார்வையற்றோர் நலநிதிக்காகத் தில்லியில் அவர் வாசித்ததையே அவர் வாழ்வின் மையமாகக் கொள்ளத் தோன்றுகிறது. தாம் பட்டதை அவர் மறக்கவில்லை.

நெடும் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்தோடு இணைந்தது. நிலத்துக்கு எல்லை வகுக்கப்பட்டது. இசைக்கு எவரும் எல்லை வகுக்கவில்லை. தெலுங்கு நாட்டில் வளர்ந்து, தமிழவைகளில் புகழ்கொண்ட துவாரம் 1964 நவம்பர் 25ஆம் நாள் மறைந்தார். அவரது நூற்றாண்டான 1993இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் தாங்கிய தபால்தலையை வெளியிட்டது. அதனினும் பெரிய நினைவுச் சின்னம் ஒன்று உண்டு: இளம் வித்துவான் ஒருவர், கைதட்டலுக்கு விரையாமல், ஒரே சுரத்தில் வில்லை நிதானமாக இழுத்து நிற்கும் அந்தக் கணம்.