மனிதனை அளவுகோலாக்கிய மஹ்பூபுல் ஹக்

நாடுகளின் முன்னேற்றத்தை வருமானத்தால் மட்டுமே அளந்த காலத்தில், அந்த அளவுகோலையே மாற்றியவர் மர்ஹூம் கலாநிதி மஹ்பூபுல் ஹக். 1934இல் ஜம்முவில் பிறந்த அவர், பிரிவினையின்போது குடும்பத்தோடு பாகிஸ்தானுக்கு இடம்பெயர்ந்தார். லாகூரிலும் கேம்பிரிட்ஜிலும் யேலிலும் பொருளியல் கற்றார்.

1960களில் பாகிஸ்தான் திட்ட ஆணைக்குழுவின் தலைமைப் பொருளியலாளராக இருந்தார். உற்பத்தி வேகமாக வளர்ந்தது. ஆனால் கைத்தொழில் சொத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு 22 குடும்பங்களிடம் குவிந்திருப்பதை 1968இல் அவரே பகிரங்கமாக எடுத்துச் சொன்னார். தான் வகுத்த திட்டத்தின் பலன் யாருக்குப் போனது என்று கேட்கும் துணிவு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

பின்னர் உலக வங்கியில் பணியாற்றினார், நிதியமைச்சராகவும் இருந்தார். 1990இல் அவரது தலைமையில் ஐக்கிய நாடுகளின் முதலாவது மனித அபிவிருத்தி அறிக்கை வெளியானது. ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் சேர்த்து அளக்கும் சுட்டெண் அதில் அறிமுகமானது. நண்பர் அமர்த்தியா சென் அதற்குத் துணைநின்றார்.

அந்த அறிக்கை எமது நாட்டையும் உதாரணம் காட்டியது. அன்று இலங்கையரின் தலா வருமானம் சுமார் 400 டொலர். சராசரி ஆயுளோ 71 வருடங்கள். 6,200 டொலர் வருமானமுள்ள சவூதி அரேபியாவில் ஆயுள் 64 மட்டுமே. இலவசக் கல்வியும் இலவச வைத்தியமும் தந்த பலன் இது.

1998இல் அவர் நியூயோர்க்கில் வபாத்தானார். எமது ஊர்களின் வளர்ச்சியை நாம் இன்னும் மாடிக் கட்டடங்களால் கணக்கிடுகிறோம். பாடசாலையை இடைநடுவில் விட்ட பிள்ளைகளையும் அந்தக் கணக்கில் சேர்ப்போமா?