ஜான் டிண்டல்

ஒளி நேர்க்கோட்டிற் செல்லும் இயல்புடையது. அதனை வளைந்த நெறியிலும் செலுத்தலாகும் என்று அவையோர் வியக்கக் காட்டிய அறிஞர் ஜான் டிண்டல் ஆவார்.

இவர் 1820ஆம் ஆண்டு அயர்லாந்து நாட்டில் பிறந்தார். தந்தையார் காவலர்; செல்வம் இல்லாதவராயினும் மைந்தனது கல்வியில் பெருங்கருத்து உடையவர். டிண்டல் இளமையிலேயே நில அளவைப் பணியில் அமர்ந்தார். அங்கே உழைப்போர்க்கு இழைக்கப்பட்ட குறைகளை எடுத்துரைத்தமையால் 1843இல் வேலையை இழந்தார், நேர்மையை இழந்திலர். பின்னர் இருப்புப்பாதை அளவையிலும் ஆசிரியத் தொழிலிலும் ஈட்டிய பொருளைச் சேர்த்துவைத்து, 1848இல், தம் இருபத்தெட்டாம் வயதில், ஜெர்மனியிலுள்ள மார்பர்க் பல்கலைக்கழகத்தில் மாணவராய்ச் சேர்ந்தார். இரவு பகலாக உழைத்து இரண்டே ஆண்டுகளில் டாக்டர் பட்டம் பெற்றார்.

1853இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பேராசிரியரானார். அங்கே முதுபேரறிஞர் மைக்கேல் பாரடே இவர்க்கு நண்பராய் வாய்த்தார். அவர் கூறிய குறிப்பின்படி 1854இல் டிண்டல் ஒரு சோதனை நிகழ்த்தினார். நீர் நிறைந்த கலத்தின் பக்கத்தில் துளையிட்டு, அதன் வழியே நீரைப் பாயவிட்டார்; பின்புறமிருந்து அத்துளையை நோக்கி ஒளியைச் செலுத்தினார். இருண்ட கூடத்தில் நீர்த்தாரை வளைந்து வீழ்ந்தது. ஒளியும் அதனுடன் வளைந்து சென்றது!

இதன் காரணம் யாது? நீருக்குள்ளே செல்லும் ஒளி, அதன் எல்லையில் செங்குத்துக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 49 பாகைக்கு மேற்சாய்ந்து படுமாயின், வெளியேற மாட்டாது. முழுவதும் உள்ளேயே திரும்பும். இங்ஙனம் மீண்டும் மீண்டும் திரும்பி, ஒளி தாரையைத் தொடர்கின்றது. எனினும் இதனை முதலிற் காட்டியவர் டிண்டல் அல்லர். ஜெனீவா நகரத்து டேனியல் கொலாடன் என்பார் 1841லேயே காட்டினார். நெடுங்காலம் மறைந்திருந்த அவர் புகழை அவர்க்கே அளித்தல் முறையாகும்.

காற்றிலுள்ள நீராவியும் கரியமிலவாயுவும் வெப்பத்தை ஈர்க்கும் திறத்தினையும், நுண்டூசுகள் ஒளியைச் சிதறச் செய்யும் பான்மையையும் டிண்டல் ஆராய்ந்தார். 1872இல் அமெரிக்கா சென்று சொற்பொழிவாற்றினார். அதனால் வந்த வருவாயில் செலவு போக எஞ்சியதை அந்நாட்டு மாணவர்களின் இயற்பியற் கல்விக்கே வழங்கினார். 1893இல், மருந்தின் அளவு தவறியமையால் எதிர்பாராது உயிர்நீத்தார்.

நீர்த்தாரையின் இடத்தை இன்று கண்ணாடி இழை பெற்றுள்ளது. 0.05 மில்லிமீட்டர் அகலமே உடைய உள்ளகத்தை வேறொரு கண்ணாடி உறை சூழ்ந்துள்ள இழையும் உண்டு. அதில் ஒளி ஒரே வேளையில் நூற்றுக்கணக்கான வகைகளிற் பரவிச் செல்லும். மிக வலிய லேசர் ஒளி பாயுங்கால் கண்ணாடியின் ஒளிவிலக்கும் இயல்பே சிறிது மாறும். புகுந்த ஒளியில் இல்லாத நிறங்களும் தோன்றும். இவ்விந்தைகளை அறிஞர்கள் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.

அன்று அவையோர்க்கு வேடிக்கையாய்த் தோன்றிய ஒன்று, இன்று கடல் கடந்து செய்தி கொண்டு செல்லும் நெறியாயிற்று. ஆதலின், உடனே பயன் தாராதென்று எவ்வுண்மையையும் இகழாது, ஆராய்ந்து அறிதலே மாணவர்க்கு அழகாகும்.