டயருக்குப் பேர் கொடுத்த மிருக வைத்தியர்



கம்போங் குவாந்தானில் நமக்குத் தெரிந்த பையன் ஒருவன் ரெண்டு கதவு வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் காடி ஒன்றை வாங்கி வந்தான். அவன் தாத்தா பால்மரம் வெட்டியவர். அப்பா செம்பனைக் குலை வெட்டியவர். அந்தக் குடும்பத்துப் பிள்ளை சொந்தக் காசில் காடி வாங்கியதில் நமக்கும் பெருமைதான். ஆனால் நாலு டயரும் தேய்ந்து மொட்டையாகக் கிடந்தன. என்ன டயர் போடலாம் என்று நம்மிடம் யோசனை கேட்டான். பேர் பெற்ற கம்பெனியாக இருந்தால் போதும், விலை குறைச்சலாகக் கிடைத்தால் இன்னும் நல்லது என்பது அவன் எண்ணம். அப்போது அவனுக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைச் சொன்னோம். அதையே இன்று உங்களுக்கும் சொல்கிறோம்.

டன்லப் என்ற பேரைக் கேள்விப்படாத தோட்டத்துக்காரன் உண்டா? அது வெறும் கம்பெனிப் பேர் அல்ல, ஒரு மனிதரின் பேர். ஜான் பாய்ட் டன்லப் 1840 பிப்ரவரி 5-ல் ஸ்காட்லாந்தின் டிரெகார்ன் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எடின்பரோவில் மிருக வைத்தியம் படித்தார். 1867-ல் அயர்லாந்து போய், பெல்பாஸ்ட் நகரில் குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்து நல்ல பேர் எடுத்தார். டயருக்கும் அவருக்கும் அதுவரை ஒட்டு உறவு கிடையாது.

அவருடைய சின்ன மகன் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவான். அந்தக் காலத்துச் சக்கரத்தில் இருந்தது கெட்டி ரப்பர். கல் பாவிய ரோட்டில் ஓட்டினால் உடம்பெல்லாம் குலுங்கும். பிள்ளை படும் பாட்டைப் பார்த்த தகப்பன் 1887 கடைசியில் ஒரு காரியம் செய்தார். மெல்லிய ரப்பரைக் குழாயாக ஒட்டி, மரவட்டின் மேல் சுற்றி, பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் காற்றடைத்தார். பிறகு மகனின் சைக்கிளில் இருந்த பழைய சக்கரத்தையும் இந்தப் புதுச் சக்கரத்தையும் வீட்டு முற்றத்தில் உருட்டி விட்டார். பழையது பாதியிலேயே சாய்ந்தது. காற்றுச் சக்கரமோ முற்றம் முழுக்க ஓடி எதிரே மோதித் திரும்பியது. பார்த்தீர்களா, கையால் உருட்டி, கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் நம்பினார்.

1888 டிசம்பரில் அதற்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. 1889 மே மாதம் பெல்பாஸ்டில் நடந்த சைக்கிள் பந்தயத்தில் வில்லி ஹியூம் என்பவர் இந்தக் காற்று டயரில் ஓட்டி, கெட்டி டயர்க்காரர்களைத் தோற்கடித்தார். தோற்றவர்களில் ஹார்வி டு குரோ என்ற வியாபாரியின் பிள்ளைகளும் இருந்தார்கள். தகப்பன் டு குரோ விஷயத்தைப் புரிந்துகொண்டார். அதே வருஷம் டப்ளின் நகரில் அவர் தலைமையில் டயர் கம்பெனி எழுந்தது.

ஆனால் டன்லப்புக்கு ஓர் அடி காத்திருந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே காற்றுச் சக்கரத்துக்கு உரிமை வாங்கி வைத்திருந்தார். காலம் கனியாததால் உலகம் அதை மறந்து போயிருந்தது. 1890-ல் இது தெரியவர, டன்லப்பின் உரிமைப் பத்திரம் செல்லாததாகிவிட்டது. கம்பெனி வேறு உரிமைகளை விலைக்கு வாங்கித் தப்பிப் பிழைத்தது. டன்லப் 1895-ல் விலகித் தம் பங்குகளையும் விற்றுவிட்டார். அடுத்த வருஷமே அந்தக் கம்பெனி 30 லட்சம் பவுனுக்குக் கைமாறியது! அந்தப் பெரும் பணம் அவர் கைக்கு வரவில்லை. டப்ளினில் ஒரு துணிக்கடையில் பங்கு வைத்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். 1921 அக்டோபர் 23-ல் காலமானார். டயரில் அவர் பேர் மட்டும் நின்றுவிட்டது.

அவர் விலகிய அதே 1895-ல் பிரான்சு நாட்டு மிஷ்லின் சகோதரர்கள் காற்று டயர் மாட்டிய மோட்டார் காடியைப் பாரிஸ் - போர்டோ பந்தயத்தில் ஓட்டினார்கள். அதற்குப் பிறகு காடி பெருகியது, டயர் பெருகியது, ரப்பருக்கு உலகம் அலைந்தது. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் தொடங்கிய பால்மரம், அடுத்த நாற்பது வருஷத்தில் மலாயாக் காட்டையே மாற்றியது. அந்த மரத்தை வெட்டத்தான் கங்காணிமார் நம் பாட்டன் பாட்டிமாரைத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேற்றிக் கொண்டு வந்தார்கள். பெல்பாஸ்டில் ஒரு பிள்ளையின் உடம்பு குலுங்கியதற்கும், கோலசிலாங்கூர் லயத்தில் விடியுமுன் பிரட்டு மணி அடித்ததற்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டு. இன்று நம் பக்கம் எங்கே திரும்பினாலும் செம்பனைதான். ஆனாலும் வாளி தூக்கி நிரை நிரையாக நடந்த தாய்மாரை நாம் சின்ன வயசில் கண்ணால் பார்த்தவர்கள்.

சரி, பையன் கதைக்கு வருவோம். டயரின் பேருக்கும் அந்த மனிதருக்கும் 1895-லேயே உறவு விட்டுப்போனது. ஆகவே பேரை மட்டும் பார்த்து வாங்காதே, டன்லப் செய்தது போலச் சோதித்து வாங்கு என்றோம். பட்டணத்துக் கடை ஒன்றில் அவன் பார்த்து வைத்திருந்த மலிவு டயரைப் போய்ப் பார்த்தோம். கட்டை குறையாமல் பளபளவென்று இருந்தது. பக்கவாட்டில் உள்ள நாலு எண்ணைப் படித்தோம். முதல் ரெண்டு எண் வாரம், அடுத்த ரெண்டு எண் வருஷம். செய்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது! ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகிப் போகும். மழை ரோட்டில் பிடிக்காது.

நீங்களும் பாருங்கள். 195/55 R15 85V என்றிருந்தால், அகலம் 195 மில்லிமீட்டர். உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 55. R என்பது ரேடியல். வட்டு 15 அங்குலம். 85 என்பது ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்ற கணக்கு. V என்றால் மணிக்கு 240 கிலோமீட்டர் வரை. காடிக்குக் குறித்த அளவும் காற்றும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும். வேகக் காடிக்கு வேக எழுத்தில் குறைத்து வாங்கலாகாது. மெது ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். ஒரே அச்சில் ரெண்டு ஜாதி டயர் மாட்டலாகாது. ரெண்டுதான் வாங்க முடியும் என்றால் புதியதைப் பின்னால் போடுங்கள். சட்டப்படி கட்டை ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. மழைக்கு அதுவே பத்தாது.

பையன் முகம் வாடித்தான் போனது. நல்ல டயர் நாலுக்கும் கையில் காசில்லை. ரெண்டு சம்பளம் வரைக்கும் காடியை வீட்டோரம் நிறுத்தி வைத்துவிட்டு, பழைய மோட்டார் சைக்கிளிலேயே வேலைக்குப் போய் வந்தான். பிறகுதான் நாலையும் புதிதாக மாட்டினான். கூட்டாளிகள் கேலி பேசினார்களாம். பேசட்டும்! காடி எவ்வளவு பெரிசானாலும் ரோட்டைத் தொடுவது நாலு உள்ளங்கை அளவு ரப்பர்தான்.

மரம் வெட்டிய நம் பெரியவர்களின் பேர் எந்த டயரிலும் எழுதப்படவில்லை. அவர்கள் பேர் சொல்ல இருப்பது இந்தப் பிள்ளைகள்தான். டயரில் மிச்சம் பிடிக்கப் போய் அந்தப் பிள்ளைகளை நாம் இழந்துவிடக் கூடாது.