விளக்கேந்திய கையில் ஒரு கணக்கேடு

ஒசூர் சிப்காட் பகுதியில் காலை நடைப்பயிற்சியின்போது ஆலை வாயில்களில் நான் தவறாமல் படிப்பது ஒரு பலகையை: விபத்தின்றிக் கடந்த நாள்கள் இத்தனை. மருத்துவமனை வாயிலில் அத்தகைய பலகையை நான் கண்டதில்லை. அப்போதெல்லாம், புள்ளியியல் வகுப்பில் ஆண்டுதோறும் மாணவர்க்கு நான் அறிமுகப்படுத்திய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் நினைவுக்கு வருவார்.

1820-இல் பிறந்த அவரை, விளக்கேந்திய மங்கையாகவே உலகம் அறியும். 1854-இல், கிரீமியப் போரின்போது, துருக்கியின் ஸ்குட்டாரி ராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். 1855 பிப்ரவரியில் அங்கு சிகிச்சை பெற்றோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் மடிந்தனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழு கழிவுநீர்க் கால்வாய்களைத் தூய்மைப்படுத்திக் காற்றோட்டத்துக்கு வழிசெய்தது. ஜூனில் அவ்விகிதம் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது.

பசியாலும் களைப்பாலும் நலிந்து வந்ததாலேயே வீரர்கள் இறந்தனர் என்று நாடு திரும்பியபோது அவர் நம்பினார். புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் அமர்ந்து கணக்கிட்டபோதுதான், தாம் பணியாற்றிய மருத்துவமனையின் நெரிசலும் அசுத்தமுமே பலரைக் கொன்றன என்பது விளங்கிற்று. புகழின் உச்சியில் இருந்தவர் அவ்வுண்மையை மூடி மறைக்கவில்லை. 1858-இல் வண்ண வரைபடமாக்கி ஆட்சியாளர்முன் வைத்தார். அவ்வாண்டே லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினரானார்.

எல்லா மருத்துவமனைகளும் நோயையும் இறப்பையும் ஒரே படிவத்தில் பதிய வேண்டும் என்ற அவரது திட்டம் 1860-இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாட்டின் முன் வைக்கப்பட்டது. இந்தியாவில் பிரிட்டிஷ் படைவீரர் ஆயிரவருள் ஆண்டுக்கு 69 பேர் இறந்ததை வெளிப்படுத்திய 1863-ஆம் ஆண்டின் அரச ஆணைய அறிக்கைக்குப் பின்னாலும் அவர் உழைப்பு இருந்தது. 1910-இல் மறையும்வரை இந்திய மண்ணை அவர் மிதித்ததே இல்லை.

வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பதிவுசெய்யும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் தொடங்கப்பட்டது எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். ஆயினும் ஒரு நோயாளி அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூருக்கு அனுப்பப்பட்டால், அவர் பிழைத்தாரா என்னும் செய்தி அனுப்பிய மருத்துவருக்கு எளிதில் திரும்புவதில்லை. அச்செய்தி இன்றி, செய்த பிழை எது என்று அவர் எவ்வாறு அறிவார்? மாநில எல்லை நோய்க்கு இல்லை, ஏட்டுக்கும் இருத்தலாகாது.

ஏடு மட்டும் போதாது. தாம் தந்த மருந்தின் அளவு தவறியதை நேர்மையாக எழுதும் செவிலியரைத் தண்டித்தால், அடுத்தவர் எழுதமாட்டார். பக்கங்கள் தூய்மையாக இருக்கும், நோயாளிகள் தொடர்ந்து துன்புறுவர்.