கூலியாளாய் வந்த குருவானவர்

கூலி என்னும் சொல் நம் மலையகத்து மக்களுக்குப் புதியதன்று. கொத்மலை, இறம்பொடை, புசல்லாவை என்று இம்மலைச் சரிவுகளில் வாழும் எத்தனையோ குடும்பங்களின் பாட்டனும் பூட்டனும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டே கடல் கடந்து வந்தனர். அச்சொல்லை ஏச்சாகப் பயன்படுத்தியோரும் உண்டு; அதைக் கேட்டுத் தலைகுனிந்தோரும் உண்டு. அன்பார்ந்த வாசகர்களே, இலங்கைத் திருநாட்டின் அப்போஸ்தலர் என்று நாம் வணங்கும் புனித யோசேவாஸ் அடிகளார், அதே கூலியாளின் கோலத்தைத் தாமே விரும்பி ஏற்று இந்நாட்டில் கால் வைத்தவர் என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

அவர் ஏழையாய்ப் பிறந்தவரல்லர். 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், கோவாவிலுள்ள பெனவுலிம் என்னும் ஊரில், உயர்ந்த குலம் என்று மதிக்கப்பட்ட கொங்கணிப் பிராமண கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். போர்த்துக்கேய மொழியும் இலத்தீனும் கற்றார். கோவாவின் சிறந்த கல்லூரிகளில் பயின்று 1676இல் குருவாக அபிஷேகம் பெற்றார். படிப்பும் குலமும் பட்டமும் சேர்ந்து அவருக்கு மேசையின் தலைப்பில் ஓர் இடத்தைத் தேடிக் கொடுத்திருக்கும். அவரோ, குருவான சில நாட்களிலேயே காலணியைக் கழற்றி வைத்துவிட்டு, ஏழைகளைப் போல வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டு, தம்மைத் தேவதாயின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ஒரு சாசனமும் எழுதிக் கையொப்பமிட்டார். அடிமைகள் சந்தையில் விலைபோன காலம் அது. அச்சொல்லின் கசப்பு என்னவென்று அறிந்தே அதை அவர் தெரிந்துகொண்டார்.

அன்று இலங்கையின் கரையோரம் ஒல்லாந்தரின் கையில் இருந்தது. 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த அவர்கள் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருக்களை நாட்டைவிட்டு அகற்றியிருந்தனர். குருவின்றி, பூசையின்றித் தவித்த மக்களின் செய்தி அடிகளாரின் நெஞ்சை வாட்டியது. 1687இல் யோவான் என்ற பணியாளன் ஒருவனோடு தூத்துக்குடியிலிருந்து கடலேறினார். குருவின் அங்கியோடு வந்தால் கரையிலேயே பிடிபடுவார். ஆகவே கூலியாளின் கந்தலை உடுத்திக்கொண்டார். வழியில் கண்ட வயிற்றுளைச்சல் நோயோடு, சாகும் நிலையில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். உடல் தேறியபின், கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டாரின் முகம் மலர்கிறதோ, அந்த வீட்டிலே விசுவாசம் இன்னும் அணையவில்லை என்று அறிந்துகொண்டார்.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்தியுங்கள். வாசலில் கையேந்தி நின்ற அந்தப் பிச்சைக்காரனே அவர்கள் ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்த குரு. கந்தலைக் கண்டு கதவைச் சாத்திய வீட்டார், தங்கள் மேய்ப்பரையே திருப்பியனுப்பினார்கள்.

பின்னர் சில்லாலையில் தங்கி இரவுகளில் மறைவாய்ப் பூசை நிறைவேற்றினார். 1689ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில் ஒல்லாந்தர் கூடியிருந்த மக்களைச் சிறைப்பிடித்தனர். அடிகளார் தப்பி, புத்தளத்தின் வழியே 1692இல் கண்டிக்கு வந்தார். போர்த்துக்கேய ஒற்றன் என்று பழி சுமத்தப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். யோவானும் உடனிருந்தான். அவர் முன்னின்று தொடங்கிய கோவா ஒரற்றோரியன் சபையில் அன்று பிராமணக் குலத்தவரே சேர்க்கப்பட்டனர் என்பது வரலாறு. ஆனால் கடலிலும் காட்டிலும் காவலிலும் அவரது சோற்றையும் துன்பத்தையும் பகிர்ந்துகொண்டவன் ஒரு பணியாள். காலம் போட்ட வேலியை அவரது வாழ்க்கை இப்படித் தாண்டிச் சென்றது.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னரும் பிரபுக்களும் நகரைவிட்டு நீங்கினர். நோய் கண்டவர்களை உறவினரே காட்டில் கொண்டுபோய் விட்டு வந்தனர். அடிகளாரும், அவருடைய மருமகனான கர்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிச் சென்றனர். குடிசை போட்டுக் கொடுத்தனர், உணவளித்தனர், புண்ணைக் கழுவினர், இறந்தவர்களைத் தம் கையாலேயே அடக்கம் செய்தனர். பௌத்தரா, கத்தோலிக்கரா, எந்தக் குலம் என்று கேட்கவில்லை. ஒற்றன் என்று அவரைச் சிறைவைத்த அரசிலேயே, தடையின்றி நடமாடும் உரிமையை இத்தொண்டு அவருக்குப் பெற்றுத் தந்தது. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியில் உயிர் நீத்தார். அவர் புதைக்கப்பட்ட இடம் இன்று எவருக்கும் தெரியாது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவர் மறைந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், அதே தமிழகக் கரையிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்காக நம் முன்னோர் வந்தனர். மன்னாரில் இறங்கி, மாத்தளை வரை காட்டுவழியே நடந்தனர். வாந்திபேதியும் அம்மையும் கண்டு வழியில் விழுந்தவர் பலர். அவர்களுக்கும் கல்லறை இல்லை. கல்லறையற்ற இந்தப் புனிதர் அவர்களுக்கு உறவினர் அல்லவா?

அப்படியானால், அவருடைய பீடத்தில் மெழுகுதிரி ஏற்றும் நாம் நம்மையே சில கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கோவிலில் முன் வாங்கில் யார் அமர்கிறார்கள்? வாசலோரம் நிற்பவர் யார்? குவாட்டர்ஸ் குடும்பமும் லயத்துக் குடும்பமும் ஒரே நற்கருணையை உண்டபின், கோவில் முற்றத்தில் ஒருவரோடொருவர் பேசுகிறார்களா? திருவிழா வரி கட்ட இயலாதவன் வெட்கத்தால் திருவிழாவுக்கே வராமல் நின்றால், புதுநன்மைக்கு வெள்ளை உடுப்பு வாங்க முடியாத தாய் பிள்ளையை அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று வீட்டில் வைத்துக்கொண்டால், அந்தப் பாவம் யாருடையது?

நத்தாருக்கு ஒரு பொதி அரிசி கொடுப்பது நல்லதுதான். ஆனால் அடிகளார் மேலிருந்து கீழே பொதி இறக்கியவரல்லர். தாமே கீழே இறங்கி வந்தவர். இந்த ஞாயிறு பூசை முடிந்ததும், நீங்கள் இதுவரை நுழையாத ஒரு லயக் காம்பராவுக்குள் நுழையுங்கள். அவர்கள் தரும் சாயத்தண்ணீரை அமர்ந்து குடியுங்கள். அடுத்த ஞாயிறு அவர்களை உங்கள் பக்கத்திலேயே அமரச் செய்யுங்கள். நம் வாசலில் வந்து நிற்பவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஆகவே கதவைத் திறந்தே வைப்போம்.