விலங்கை மறைத்த ஓவியர்

மானின் முதுகு கருத்தும் வயிறு வெளுத்தும் இருப்பது ஏன்? இதைத் தெளிவாக விளக்கிக் காட்டியவர் ஓர் ஓவியர்!

1849இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்த ஆபட் தேயர், இளமை முதலே விலங்குகளைத் தீட்டியவர். தட்டையான திரையில் ஒளியும் நிழலும் தீட்டி உருவைத் திரண்டதாகக் காட்டுவது ஓவியர் தொழில். இயற்கையோ அதைத் தலைகீழாகச் செய்கிறது என்று அவர் கண்டார். வெயில் படும் முதுகுக்குக் கருமை; நிழல் விழும் வயிற்றுக்கு வெண்மை. இரண்டும் ஈடாகி, திரண்ட உடல் தட்டையாகத் தோன்றிக் கண்ணுக்குத் தப்புகிறது. 1896இல் இதனை வெளியிட்டார்.

பின்னர், எல்லா நிறமும் மறைவதற்கே என்று வாதிட்டார். பூநாரையின் செம்மைகூட அந்திவானில் மறையவே என்றார். தியோடர் ரூஸ்வெல்ட் கடுமையாக மறுத்தெழுதினார். அறிஞர் பலரும் ஏற்கவில்லை. 1921இல் தேயர் காலமானார். மிகை உதிர்ந்தது; உண்மை இன்றும் தேயர் விதி என்னும் பெயரில் நிற்கிறது.